வழக்கமாக வசிப்பவர்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே பாதிதான். அயனம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த ஆசிரியை ஒருவர், தண்ணீர் குடித்துக்கொண்டே, "சில ஊட்ல ஆள் இருப்பாங்க சார், கேட்டா இல்லம்பாங்க" என்றார். எந்த வீடு என்று கேட்டேன். அதை வெளியே சொல்லக் கூடாது என்று டம்ளரைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொல்லாமல் விட்ட வீட்டைத்தான் இங்கே கட்டப்போகிறேன். பெயர்கள் நான் வைத்தவை.

2

'ஒரு தேசம் தன்னைத் தானே எண்ணிக்கொள்ளும்போது–'

(வேண்டாம். இது கட்டுரை. தேசமா மாடிப்படி ஏறியது? கணக்கெடுக்கச் சுதாதான் ஏறினாள்.)

சுதா நூம்பல் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அந்தப் பள்ளிக்கு வகுப்பறை ஒதுக்கியது 2011 மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்து. அப்போது சுற்றிலும் காலி மனைகள், இப்போது அடுக்ககங்கள். அவள் வகுப்பில் அறுபது பேர். கடைசி வரிசைப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து எழுதுகிறார்கள்.

(அரசாங்கம் இவர்களை மறந்துவிட்டது என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன். மறக்கவில்லை. அதன் கையில் இருந்த எண்ணில் இந்தப் பிள்ளைகள் இல்லை.)

3

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தவர் கலியமூர்த்தி. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு இங்கே வந்தவர். மனைவி கண்ணம்மா நாற்காலி போட்டாள். சுவர், கூரை, குடிநீர் என்று எல்லாக் கேள்விக்கும் டக்டக்கென்று பதில் சொன்னார். வழக்கமாக வசிப்பவர்கள் எத்தனை பேர் என்று சுதா கேட்டதும், "ரெண்டு பேர். நானும் வீட்டம்மாவும்" என்றார்.

பால்கனிக் கொடியில் குழந்தைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. யாருடையவை என்று கேட்டாள்.

கொடியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். மகள் கனிமொழி. பட்டாபிராமில் கட்டிக் கொடுத்தது. பிரசவத்துக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. பையன் இப்போது நடக்கிறான். "ஆனா கட்டிக் குடுத்த பொண்ணு டீச்சர். அந்த வீட்ல எழுதிப்பாங்க."

எழுதுவார்களா? அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அங்கே கைகாட்டுவார்கள். இரண்டு வீடு இருந்தும் தாயும் பிள்ளையும் எதிலும் இல்லாமல் போவார்கள். சுதாவுக்கு மடியில் நோட்டு வைத்து எழுதும் பிள்ளைகள் ஞாபகம் வந்தது.

அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர் ஞானசேகரன் போனில் கூப்பிட்டார். சொல்கிறதைப் பதிந்துகொண்டு கிளம்பு, இன்னும் இரண்டு தெரு இருக்கிறது என்றார். சரி சார் என்று வைத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

(முதல் பிரதியில் கலியமூர்த்தியைக் கல்நெஞ்சக்காரராக எழுதியிருந்தேன். பொருந்தவில்லை. பேரனைத் தினமும் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் ரயில் சத்தம் கேட்கவைக்கிற ஆள் அவர். 'பொண்ணு வாழாம வந்துட்டா' என்று அக்கம்பக்கத்தில் யாரும் சொல்லிவிடக் கூடாது, அந்தப் பயம்தான்.)

"நீங்க சொல்றது யார்கிட்டயும் போகாது சார்" என்றாள் சுதா. "எத்தனை பேர்ங்கறதுதான் போகும். மூணு வருஷத்துல உங்க பேரன் எங்க ஸ்கூலுக்குதான் வருவான். அவன் உக்கார எடம் வேணாமா?"

உள்ளறைக் கதவு திறந்தது. இடுப்பில் பிள்ளையோடு கனிமொழி நின்றாள்.

"நான் இங்கதான் கீறேன் டீச்சர். எங்க ரெண்டு பேரையும் போட்டுக்கங்க."

கலியமூர்த்தி தலை நிமிரவில்லை. சுதா கைப்பேசியில் பதிந்து, "நாலு பேர்" என்று உரக்கப் படித்தாள். அதுவரை வாயே திறக்காத கண்ணம்மா, "ஆமா, நாலு" என்றாள்.

4

'கலியமூர்த்தியின் கண்கள் கலங்க, மகளின் கையைப்–'

(இல்லை. அவ்வளவு சீக்கிரம் யாரும் மாறுவதில்லை.)

'அன்று அவர் சாப்பிடவில்லை.' இது நடந்திருக்கலாம். ஆனால் சுதா அடுத்த வீட்டு மணியை அழுத்தப் போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கனிமொழியைப் பட்டாபிராமுக்கே அனுப்புங்கள், அம்பத்தூரில் வேலைக்கு அனுப்புங்கள், அப்பாவோடு பேசவையுங்கள், பேசாமல் விடுங்கள். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.