இன்றைக்கு என்ன கிழமை?

என் மச்சினனுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா இல்லையா என்று நீதிமன்றம் கேட்டபோது, சத்தியமாக எனக்குப் பதில் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவனும் நாங்களும் ஒரே வீடு. ஒரே குளியலறை, ஒரே டிவி. அப்படியும் தெரியவில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்வது என் தொழில். பெட்டி ஏறுகிறதா, இறங்குகிறதா, நடுவில் நின்று விழிக்கிறதா என்று பார்த்தாலே கோளாறு பாதி பிடிபட்டுவிடும். மனிதர்களிடம் அந்த வசதி கிடையாது.

அவன் வேலை செய்த சலவைக் கூடத்தில் அவனுக்குக் 'கப்சிப்' என்று பெயர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. "உன் தம்பி என்ன, சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்?" என்று என் மனைவியிடம் கேட்டால் அவள் முகம் உடனே மாறிவிடும். "அவன் நல்லாத்தான் இருக்கான். கொஞ்சம் கூச்ச சுபாவம், அவ்வளவுதான்" என்பாள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஜன்னல்களையெல்லாம் துண்டு போட்டு மூடினானா? கூச்ச சுபாவம். ரேடியோவைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டானா? கூச்ச சுபாவம். ரேடியோவிடம் என்ன கூச்சம் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை கிடையாது.

என் மனைவி பாலர் வகுப்பு டீச்சர். காலையில் தேநீர் கொதிக்கும்போதே தம்பியை எதிரில் உட்காரவைத்து ஆரம்பித்துவிடுவாள். இன்றைக்கு என்ன கிழமை? என்ன மாதம்? நாம் எந்த ஊரில் இருக்கிறோம்? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வா. அவன் தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று தடுக்காமல் இறங்குவான். கடைசியில் ஆப்பிள், மேஜை, நாணயம் என்று மூன்று வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "கெட்டிக்காரன்" என்று அவள் தலையைத் தடவுவாள். தலை நரைக்கத் தொடங்கிய அந்த ஆள் நாள் முழுவதிலும் அப்போது ஒருமுறைதான் சிரிப்பான். வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் போதாமல் வீட்டிலும் ஒன்று வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

இப்படிப்பட்டவன் ஒரு நாள் மத்தியானம், கறை எடுக்கிற திரவத்தை ஒரு கேனில் எடுத்துக்கொண்டு போய், சலவைக் கூடத்துக்குப் பின்னால் இருந்த செல்போன் டவரின் அடிக் கொட்டகையில் ஊற்றித் தீ வைத்துவிட்டான். உள்ளே காவலாளி கண்ணயர்ந்திருந்தது இவனுக்குத் தெரியாது. அலறல் கேட்டதும் இவனே உள்ளே புகுந்து அவரை இழுத்து வெளியே போட்டிருக்கிறான். ஆனாலும் அந்த மனுஷனின் இரண்டு கையும் வெந்துவிட்டது. போலீஸ் வரும்வரை இவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஏன் செய்தாய் என்று எத்தனை பேர் கேட்டும் வாய் திறக்கவில்லை.

எங்கள் வக்கீல் நேரடியாகவே சொன்னார். "நெருப்பு வெச்ச நேரத்துல அவருக்குப் புத்தி தெளிவா இல்லன்னு நிரூபிச்சா ஜெயில் இல்ல, ஆஸ்பத்திரி. இல்லன்னா பல வருஷம் உள்ளதான்."

"ஜெயில்ல அவன் தாங்க மாட்டான்" என்றாள் மனைவி. அது எனக்கும் தெரியும். படுக்கையறைக் கதவை யாராவது கொஞ்சம் வேகமாகச் சாத்தினாலே ஒரு நாள் சாப்பிடாமல் கிடக்கிறவன் அவன்.

அவனை மனநல ஆஸ்பத்திரியில் பூட்டிய வார்டு ஒன்றில் வைத்தார்கள். அவனைப் பரிசோதிக்க நீதிமன்றம் ஒரு டாக்டரம்மாவை நியமித்தது. எங்களை முதலில் பார்த்தபோதே அவர் விவரமாகச் சொல்லிவிட்டார். "கோர்ட் என்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டிருக்கு. இப்போ வழக்கு விசாரணையைப் புரிஞ்சுக்கிற நிலையில இருக்காரா? இது ஒண்ணு. அன்னைக்கு என்ன செய்யறோம்னு தெரிஞ்சு செஞ்சாரா? இது இன்னொண்ணு. ரெண்டுக்கும் பதில் வேற வேறயா இருக்கலாம்."

எனக்குத் தலை சுற்றியது. இன்றைக்குத் தெளிவு, அன்றைக்குக் குழப்பம். அல்லது அன்றைக்குத் தெளிவு, இன்றைக்குக் குழப்பம். எனக்கோ இரண்டு நாளுமே குழப்பம்.

"மருந்து எப்போ குடுப்பீங்க டாக்டர்?" என்று என் மனைவி கேட்டாள்.

"அது வார்டு டாக்டர் வேலைம்மா. நான் வைத்தியம் பாக்க வரல. பாத்ததைக் கோர்ட்ல சொல்ற ஆள். உங்க பக்கமும் இல்ல, எதிர்ப் பக்கமும் இல்ல. உங்க தம்பிகிட்டயும் சொல்லிட்டேன், என்கிட்ட பேசறது எதுவும் ரகசியம் கிடையாது, எல்லாம் கோர்ட்டுக்குப் போகும்னு."

வெளியே வந்ததும், "வைத்தியம் பாக்காத டாக்டர் எதுக்குங்க?" என்று அவள் என் காதில் முணுமுணுத்தாள். நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது.

பரிசோதனைக்கு முந்தின நாள் அவனைப் பார்க்கப் போனோம். பார்வையாளர் அறையில் நாற்காலிகளைத் தரையோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். அவன் வந்து உட்கார்ந்ததும் என் மனைவி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், கைவிரல் நகத்தைப் பார்த்தாள், பிறகு குனிந்து, "இன்னைக்கு என்ன கிழமை கண்ணா?" என்றாள். அவனும் சொல்ல ஆரம்பித்தான். கிழமை, மாதம், ஊர், தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டி, அறிவிருக்கா? அவன் இதுல ஃபெயில் ஆகணும்டி!" என்று அவளைத் தனியே இழுத்துக் கேட்டேன்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தெரியும்ங்க. அவனைப் பாத்ததும் வாய்ல தானா வந்துடுச்சு."

தானாக வந்தது அதோடு நிற்கவில்லை. மறுநாள் டாக்டரம்மா அவளிடம் தம்பியின் பழைய கதையை விசாரித்தபோது, "சின்ன வயசுலேர்ந்தே நல்லாத்தான் இருந்தான். கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "ஏங்க, நான் என்ன சொல்லிட்டு வந்திருக்கேன்?" என்று என்னையே கேட்டாள். உள்ளே போய் மாற்றிச் சொல்லவும் பயம். மாற்றிச் சொன்னால் நம்புவார்களா?

டாக்டரம்மாவின் அறிக்கை வந்தது. கிழமை, மாதம், கழித்தல், ஆப்பிள்-மேஜை-நாணயம் என்று கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்கிறார், தற்போது தெளிவாக இருக்கிறார், சம்பவ நேரத்தில் நோய் இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வக்கீல் அதைப் படித்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க எந்தப் பக்கம்ங்க?" என்றார்.

அதற்கப்புறம்தான் என் மனைவி சாட்சிக் கூண்டில் ஏறினாள். எனக்கே சொல்லாத கதையை ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். பதினாறு வயதில் அவனை ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை, அதன் பதிவேடுகளும் இல்லை. டாக்டர்கள் தினமும் வந்து இதே கேள்விகளைத்தான் கேட்பார்களாம். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்ன நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "சரியா சொன்னா விட்டுடுவாங்கன்னு புரிஞ்சுது. அதான் தினமும் சொல்லிக் குடுத்தேன். திரும்ப அவனை யாரும் கூட்டிட்டுப் போயிடக் கூடாதுன்னு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நொடியே அழுகையும் வந்தது. எது முதலில் வர வேண்டும் என்று தெரியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

அரசு வக்கீல் நிதானமாக எழுந்தார். "டாக்டர் கேள்விக்கு என்ன பதில் சொல்லணும்னு சொல்லிக் குடுக்கற பழக்கம் உங்களுக்கு இருக்கு. இல்லையாம்மா?"

"ஆமா."

"அப்போ இனிமே பைத்தியம் மாதிரி பதில் சொல்லவும் நீங்களே சொல்லிக் குடுக்கலாமே?"

அவள் எங்கள் வக்கீலைத் திரும்பிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு அது. அந்தக் கேள்வியில் ஓட்டை எங்கே என்று நானும் தேடிப் பார்த்தேன், எனக்கும் கிடைக்கவில்லை.

டாக்டரம்மா எழுந்து நீதிபதியிடம் அனுமதி கேட்டார். மறுபடி பரிசோதிக்க வேண்டும், அதுவரை அக்கா தம்பியைப் பார்க்கக் கூடாது. நீதிபதி சரி என்றார். அந்த இடைவெளியில் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "யாரும் எதுவும் கேக்காத நேரத்துல அவர் என்ன செய்வார்?" ஜன்னல், துண்டு, ரேடியோ என்று நான் உளறிக் கொட்டினேன். அதில் எது நோய், எது கூச்சம் என்று அவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த விசாரணையில் டாக்டரம்மா சொன்னார். "இந்தத் தடவை வேற மூணு வார்த்தை குடுத்தேன். விளக்கு, குதிரை, கதவு. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டா, ஆப்பிள், மேஜை, நாணயம்னு சொன்னார். கேக்கற வரிசையை மாத்தினேன், பதில் பழைய வரிசையிலதான் வந்தது. நோய் இருக்கற மாதிரி நடிக்கறவங்களைப் பிடிக்கறது சுலபம். இவர் இத்தனை வருஷமா நல்லா இருக்கற மாதிரி நடிச்சிருக்கார். முதல் தடவை நான் ஏமாந்துட்டேன். நோய் இருக்கு, ஐயா. இங்க நடக்கற விசாரணை அவருக்குப் புரியுது. ஆனா அன்னைக்கு ஏன் தீ வெச்சார்னு என்கிட்ட சொல்ல மாட்டேங்கறார். அது தெரியாம உங்க ரெண்டாவது கேள்விக்கு நான் பதில் சொன்னா, அது ஊகம்தான்."

நீதிபதி அவனைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

கப்சிப் வழக்கம்போல் அக்காவைப் பார்த்தான். அவள் வாயைப் புடவைத் தலைப்பால் இறுக மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள். வக்கீல் அவளுக்குச் சொல்லியிருந்தது அதுதான், ஒரு சாடைகூடக் காட்டக் கூடாது என்று. அவன் காத்திருந்தான். பதில் வராது என்று தெரிந்ததும் நீதிபதியிடம் திரும்பினான்.

"அக்கா வெளிய போனா சொல்றேன்."

அவளை வெளியே அனுப்பினார்கள். கதவைச் சாத்திய பிறகுதான் அவன் ஆரம்பித்தான்.

"டவர்லேர்ந்து அக்கா குரல்ல பேசுவாங்க" என்றான். "நீ பொறந்ததே தண்டம், செத்துத் தொலைடான்னு. அக்கா அப்படிப் பேச மாட்டா. அக்கா குரலை யாரோ திருடி அந்தக் கொட்டகைக்குள்ள வெச்சிருந்தாங்க. அன்னைக்கு அக்காவையே கொல்லப் போறோம்னு சொன்னாங்க. அதான் கொளுத்தினேன்."

டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். "வீட்டுலயும் அதே குரல்தானே பேசும்? எது நிஜ அக்கான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா காலையில கிழமை கேப்பா. டவர் கேக்காது."

அவன் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தான். "மாமா, அக்காகிட்ட சொல்லாதீங்க. அழுவா."

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

டாக்டரம்மா தன் இரண்டாவது பதிலைச் சொன்னார். என்ன செய்கிறோம் என்று அன்றைக்கு அவனுக்குத் தெரியவில்லை. அரசு வக்கீல் துருவித் துருவிக் கேட்டார், அவர் பதிலை மாற்றவில்லை. நீதிபதி ஆஸ்பத்திரி என்று உத்தரவிட்டார். எத்தனை காலம் என்று யாருக்கும் தெரியாது. குணமாகிற வரைக்கும் என்றார்கள்.

வராந்தாவில் என் மனைவி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "ஜெயில் இல்லையே?"

"இல்ல. ஆஸ்பத்திரி."

"என்ன சொன்னான்? எனக்குத் தெரியக் கூடாதுன்னு அப்படி என்னங்க சொன்னான்?"

இத்தனை வருஷம் அவள் என்னிடம் மறைத்தாள் என்று கோபப்பட்டேனே, இப்போது என் முறை. "ஒண்ணுமில்ல. நல்லாத்தான் பேசினான்" என்றேன். அந்த வாக்கியம் அவளுக்கு அத்துப்படி. என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு கேட்கவில்லை.

பின் வாசலில் ஆஸ்பத்திரி வேன் நின்றது. இரண்டு காவலர்களுக்கு நடுவே அவன் நின்றுகொண்டிருந்தான். பேசுவதற்கு ஒரு நிமிஷம் கொடுத்தார்கள். அவள் அருகே போய் வெறுமனே நின்றாள். சொல்லிக் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்ற பயத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறுவதை நான் பார்த்தேன். மெல்லப் பின்னால் நகர்ந்து காவலர் மேல் இடித்துக்கொண்டான்.

"கேளுடி" என்றேன்.

"என்னத்த?"

"எப்பவும் கேக்கறதைக் கேளு."

"கேக்கக் கூடாதுன்னாரேங்க வக்கீல்? நீங்களும்தானே திட்டினீங்க?"

"நான் மடையன்டி. சீக்கிரம் கேளு."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்ல, "இன்னைக்கு என்ன கிழமை கண்ணா?" என்றாள்.

அவன் உடம்பு அப்படியே தளர்ந்தது. "அக்கா" என்றான். ஒரு அடி முன்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கிழமையைத் தப்பாகச் சொன்னான்.

அவள் திருத்தவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தாள்.