அவர் போடாத கையெழுத்து

ஊர் விழித்திருக்கும் நேரமே ரொட்டிக்காரருக்குத் தூங்கும் நேரம். இரவெல்லாம் பேக்கரி அடுப்பு முன்னால் வெந்துவிட்டு, முதல் தட்டுகள் வண்டியில் ஏறியதும் வீட்டுக்கு வந்து, திரையை இழுத்துவிட்டுப் படுத்தால் மதியம் தாண்டித்தான் எழுவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அரசாங்க அலுவலகங்களோ அவர் குறட்டை விடும் நேரமாகப் பார்த்துத்தான் கதவைத் திறக்கும். அதனால் தலை நரைக்கும்வரை அவர் எந்தக் கவுன்ட்டர் முன்னாலும் நின்றதில்லை. நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் அவர் மனைவி நின்றாள்.

இப்போது அவள் இல்லை. காய்ச்சல் என்று படுத்தவள், நாலு நாள் ஆஸ்பத்திரி வாசத்தோடு போய்விட்டாள். வெளிநாட்டில் இருக்கும் மகளின் பிரசவத்துக்கு அவள்தான் போவதாக இருந்தது. மருமகனுக்குக் கப்பலில் வேலை. குழந்தை பிறக்கும்போது அவன் நடுக்கடலில் இருப்பான். வயிற்றுப் பிள்ளையோடு அங்கே தனியாகக் கிடக்கும் மகள் போனில் ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்களாவது வாங்கப்பா."

பிரசவத்துக்கு ஓர் ஆண்பிள்ளை போய் என்ன கிழிக்கப்போகிறார் என்று நீங்கள் கேட்கலாம். அவரும் தன்னையே கேட்டுக்கொண்டார். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நமக்கென்று உட்கார்ந்திருக்க ஒரு ஆள் வேண்டாமா? அதற்காவது உதவுவோம் என்று பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார்.

வேலை முடிந்த கையோடு, முழங்கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தெரியும். அவருடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு, அடுத்த எண்ணுக்கும் போய்விட்டார்கள்; பக்கத்தில் இருந்தவர் தோளை உலுக்கியபோதுதான் விழித்தார். மறுபடியும் டோக்கன், மறுபடியும் வரிசை. படம் எடுத்தவன் கண்ணைத் திறங்கள், திறங்கள் என்று கெஞ்சியே களைத்துப்போனான்.

கவுன்ட்டரில் சால்வை போர்த்திய ஒரு பெண் இருந்தாள். அவர் கொண்டுபோன காகிதங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பேங்க் புத்தகம், அடையாள அட்டை, வீட்டு ஒப்பந்தம் எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து: பெரிய முதலெழுத்து, பின்னால் சரசரவென்று ஓடும் எழுத்துகள், அடியில் ஒரு கோடு. அவர் அவள் கண்முன்னால் விண்ணப்பத்தில் போட்டதோ, பள்ளிக்கூடப் பிள்ளை பலகையில் எழுதியதுபோல் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றது.

"ஐயா, இதெல்லாம் யாரு போட்ட கையெழுத்து?"

அவருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். அத்தனையும் மனைவி போட்டது. காகிதத்தை வீட்டுக்கு வாங்கிவருவாள். இவர் அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்ப மனசு வராமல் வாசல்படியில் உட்கார்ந்து அவளே போட்டுக்கொண்டு திரும்பிப் போவாள். கேட்டால், 'ஒரு கோடு கிழிக்கிறதுக்கு ஒரு மனுஷனோட தூக்கத்தக் கெடுக்கணுமா?' என்பாள். அவரும் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அப்படியே காலம் ஓடிவிட்டது.

"என்னோடதுதாம்மா," என்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டே வழிதான் என்றாள். ஒன்று, இதே மாதிரி போட வேண்டும். இல்லையென்றால், இவை எதுவும் என் கையெழுத்தல்ல என்று சத்தியம் செய்து எழுதித்தர வேண்டும்; அப்புறம் போட்டது யார் என்று விசாரணை நடக்கும், எல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகும். பிரசவத்துக்கு இருப்பதோ ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம். நாளைத் தள்ளிப்போட வயிற்றுப் பிள்ளையிடமா மனுக் கொடுக்க முடியும்? அதைவிட, செத்துப்போனவளைக் கள்ளக் கையெழுத்துக்காரி என்று தன் கையாலேயே எழுதிக்கொடுக்க அவரால் ஆகாது. அவர் முகத்தைப் பார்த்த அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கை பழகிட்டு வாங்க. அடுத்த வாரம் இதே கவுன்ட்டர்ல இருப்பேன்."

அந்த வாரம் பேக்கரியில் ரொட்டி சுற்றும் தாளெல்லாம் அவர் பெயர்தான். மாவு பிசைந்து பிசைந்து காய்த்துப்போன விரல்கள். பேனாவைப் பிடித்தால் கரண்டியைப் பிடித்ததுபோல் இருந்தது. முதலாளி எட்டிப்பார்த்துவிட்டு, இந்த வயதில் யாருக்கய்யா காதல் கடிதம் என்றார். ரொட்டிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அலுத்துப்போயிருந்தார். தன் பெயரைத் தானே திருடப் பழகுவதைப்போல் ஓர் அலுப்பு உலகத்தில் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் போனார். போட்டார். சால்வைக்காரி உதட்டைப் பிதுக்கினாள்.

வீட்டுக்கு வந்தவர் படுக்கவில்லை. மகளைப் போனில் கூப்பிட்டு, என்னால் வர முடியாதும்மா என்று நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். மகள் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தார். அவளோ, எப்படிப் போடுகிறீர்கள், கேமரா முன்னால் போட்டுக் காட்டுங்கள் என்றாள். போட்டுக் காட்டினார்.

"கோட்டை ஏம்ப்பா கடைசில போடறீங்க? அம்மா கோட்டைத்தான் முதல்ல போடுவாங்க. அப்புறம் அதுமேல கையை எடுக்காம ஒரே ஓட்டமா எழுதுவாங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"மார்க் கொறைஞ்சப்பல்லாம் ரிப்போர்ட் கார்டுல நான்தானே போட்டேன்."

ஆக, அந்த வீட்டில் அவர் கையெழுத்தைப் போடத் தெரியாதவர் அவர் ஒருவர்தான். முதலில் கோட்டைப் போட்டார். கை தடுக்கிற இடத்திலெல்லாம் மகள், நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க என்றாள். அவள் அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். இவர் இங்கே கண்ணைச் சுருக்கிக்கொண்டு தரையில் குனிந்திருந்தார். கைக்குப் பிடிபட்டபோது பொழுது சாய்ந்து, பேக்கரிக்குக் கிளம்பும் நேரம் வந்துவிட்டது. அன்று அவர் தூங்கவே இல்லை.

மூன்றாவது தடவை சால்வைக்காரி ஒன்றும் கேட்கவில்லை. பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், முத்திரை குத்தினாள்.

"இனிமே இதை மாத்திடாதீங்கய்யா," என்றாள்.

பாஸ்போர்ட் தபாலில் வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தபால்காரர் கதவைத் தட்டிய தட்டில் எதிர்வீட்டுக்காரர்கூட எழுந்து வந்தார். ரொட்டிக்காரர் உறையைக் கிழித்துப் பிரித்துப் பார்த்தார். மேலே அரைத் தூக்கத்தில் அவர் முகம். கீழே ஒரு கோடும், அதன்மேல் ஒரே ஓட்டமாக அவர் பெயரும்.

உடனே மகளைக் கூப்பிட்டு, வந்துவிட்டது என்று கேமரா முன்னால் நீட்டினார். படத்தைப் பார்த்துச் சிரிக்கப்போகிறாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை, படத்தைப் பார்க்கவே இல்லை.

"கொஞ்சம் கீழ காட்டுங்கப்பா," என்றாள்.

காட்டினார்.

"அப்படியே வச்சிருங்க. எடுக்காதீங்க."

இரவெல்லாம் மாவு பிசைந்த கை. தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. அவள் அழுது முடிக்கும்வரை அவர் கையை இறக்கவில்லை.