அடி தாங்கும் மெஷின்

பாலக்கரை நல்லதம்பி கடைக்கு வந்திறங்கிய புதுக் காபி மெஷின், மேடையைத் தொடாமல் ஒரு விரல்கடை உயரத்தில் நின்றது. அன்று தொட்டியத்திலிருந்து வாழைத்தார் லாரியும் தாமதம். தெருவில் இரண்டைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள், லாரியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாக. நல்லதம்பியின் மனைவி லூர்துராணி ஈரத்துணியை மெஷினுக்குக் கீழே விட்டு அந்தப் பக்கமாக இழுத்துப் பார்த்தாள். துடைக்க வசதியாகத்தான் இருந்தது.

பழைய மெஷின், மூடிப்போன சினிமாக் கொட்டகை கேன்டீனிலிருந்து அவன் அப்பா வாங்கிப் போட்டது. கைப்பிடியைக் கீழே இழுத்தால் ஆவி சீறிக் காபி இறங்கும். மக்கர் பண்ணினால் நல்லதம்பி உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விடுவான். பால் தீய்ந்தாலும் வாடிக்கையாளரிடம் அவள் சிரித்துப் பேசினாலும் அதே கை, அதே வேகம், லூர்துராணிமேல். மெஷினுக்கு அடிப்பாகம் துருவேறி இற்றுப்போனது. அவளுக்கு இடது காது போனது. அந்தப் புண்ணியவான் மெஷினை மட்டும் மாற்ற நினைத்தான்.

துவாக்குடியில் உலோகத்தூளை லேசரில் உருக்கி, அடுக்கடுக்காகப் பொருள்களை அச்சிடும் பட்டறையில் சம்ரீன் என்ஜினியர். பாரம் எங்கே விழும், பிடிமானம் எங்கே என்று சொன்னால் போதும், உருவத்தைக் கம்ப்யூட்டரே வளர்த்துக்கொள்ளும் என்றாள். நல்லதம்பி கேட்டது ஒன்றுதான். "மத்ததெல்லாம் உங்க இஷ்டம்மா. அடி மட்டும் நல்லா தாங்கணும்." அவன் சொன்னது மெஷினின் அடிப்பாகத்தை. அளவெடுக்க வந்து உட்கார்ந்திருந்தபோது அவன் கை எங்கெல்லாம் விழுகிறது என்று பார்த்திருந்த சம்ரீனுக்கு வேறு அடிதான் காதில் விழுந்தது. அவளைக் குற்றம் சொல்லி என்ன, அந்தக் கடையில் யார் உட்கார்ந்தாலும் அப்படித்தான் விழுந்திருக்கும். பழைய மெஷினில் சென்சார் ஒட்டிக் கனத்தை அளந்து, அவன் கை எதன்மேல், யார்மேல் விழுந்தாலும் அத்தனை அறைகளையும் பாரமாகக் கொடுத்தாள். பிடிமானம் எங்கே என்று கம்ப்யூட்டர் கேட்டபோது, கால்களைக் காட்ட மறந்து, எப்போதும் அவன் கை இருக்கும் கைப்பிடியைக் காட்டினாள். இஞ்சிக்கிழங்கு மாதிரி முண்டும் முடிச்சுமாக வளர்ந்து வந்த மெஷினுக்குத் தரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஸ்ரீரங்கத்திலிருந்து பார்க்க வந்த ரங்கநாதன், ஆதாரமில்லாமல் நிற்பது பகவத் சங்கல்பம் என்று கைகூப்பிவிட்டு, சர்க்கரையில்லாமல் ஒரு காபி கேட்டார்.

அந்த வாரமே பால் பொங்கி வழிந்தது. கை கன்னத்துக்கு வந்தது, லூர்துராணி கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் காற்றுகூடப் படவில்லை. மெஷின் டங்கென்று அதிர்ந்தது. மறுபடி அறைந்தான், மறுபடி டங். மறுநாள் காலையில் முதல் காபிக்கு அவன் கைப்பிடியைப் பிடித்ததும் அத்தனை அறைகளும் அதன் வழியாக அவனுக்குள் இறங்கின. உதடு கிழிந்து, ஒரு பல் கிளாசில் விழுந்தது. ஏறிய பாரம் பிடிமானத்தில் இறங்கித்தானே ஆக வேண்டும். சம்ரீன் பதறிக்கொண்டு ஓடிவந்து, கால்வைத்துத் திருத்தித் தருவதாகச் சொன்னாள். லூர்துராணி கல்யாணமான நாளிலிருந்து எதையும் மறுத்ததில்லை, இதை மறுத்தாள்.

"வேணாம்மா. அடி இல்லாமலே இருக்கட்டும்."

நல்லதம்பி கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம், பாவி. இருக்கவில்லை. மணிக்கட்டு முறிந்தது, விலா எலும்பு ஒன்று போனது. அதன்பிறகு கைப்பிடியைத் தொடாமலிருக்கக் கற்றுக்கொண்டான், அடிக்காமலிருக்கக் கற்கவில்லை. லூர்துராணி காபி இழுத்தாள். அவள் யாரையும் அடித்ததில்லை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடி போய் ஐப்பசி வந்தது. அடிகள் மெஷினுக்குள் சேர்ந்துகொண்டே இருந்தன, அவசரமில்லாமல். அவள் வலிக்காமல் நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வெறி ஏறியது. லால்குடிக்குப் போய், பேப்பரில் சுற்றிய அருவாளோடு திரும்பினான். லூர்துராணி சம்ரீனுக்குப் போன் பண்ணினாள்.

"கையால அடிச்சதை மட்டும்தான் கொடுத்திருக்கேன் அக்கா. அருவா கணக்குலயே இல்ல. வெளிய வந்துடுங்க."

வெளியே போக வழியில்லை. மதியம் கடை ஓய்ந்த நேரம், அவன் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தான். உயிர்மேல் தனக்கு இவ்வளவு ஆசையா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவன் எதிரே வந்து வலது கையில் அருவாளை ஓங்கினான். லூர்துராணி அவன் முகத்தைப் பார்த்து, வாடிக்கையாளர் குரலில் சொன்னாள்.

"ஸ்ட்ராங்கா ஒரு காபி, சர்க்கரை கம்மி."

கடைக்காரன் கை அது. அவனைக் கேட்காமலே இடது கை கைப்பிடிக்குப் போய்விட்டது. சேர்ந்திருந்த அடிகள் வந்த வரிசையிலேயே இறங்கின. கன்னத்துக்குக் குறிவைத்தது கன்னத்தில், அடிவயிற்றுக்குக் குறிவைத்தது அடிவயிற்றில். தாடை இடம்மாறியது. ஒரு கண் ரத்தத்தில் மூடியது. அருவாள் நழுவி அவன் பாதத்தில் இறங்கியதை அவன் கவனிக்கக்கூட இல்லை. கைப்பிடியை விடப் பார்த்தான், முடியவில்லை. முழங்கால் மடிந்த பிறகும் அந்தக் கையில் தொங்கியபடி வாங்கிக்கொண்டே இருந்தான். லூர்துராணி இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அவளுக்கு இரக்கம் வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு, வரவில்லை. எல்லாம் ஓய்ந்தபோது கிளாசில் காபி நுரைதட்டி நிறைந்திருந்தது, அவன் மூச்சு நின்றிருந்தது.

ஸ்டேஷனிலிருந்து வந்த சப்-இன்ஸ்பெக்டர் பிணத்தைப் புரட்டிப் பார்த்தார். உடம்பு முழுக்க உள்ளங்கைத் தடம், எல்லாம் செத்தவனுடைய கைக்கே அளவாகப் பொருந்தின. எப்படி ஆச்சு என்று கேட்டார். புத்தூர் ஆஸ்பத்திரியில் தன் காயங்களுக்கு இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த பதிலையே லூர்துராணி அவருக்கும் சொன்னாள்.

"தவறி விழுந்துட்டாருங்க."

அவர் அப்படியே எழுதிக்கொண்டு, தனக்கும் ஒரு காபி போடச் சொன்னார்.