ஷ்ராக் வீட்டுக் கம்பளம்

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ட்வைலாவுக்குக் காது மடல் சூடேறியது. கேன்ஸஸின் அந்தச் சின்ன ஊரில், டாக்டர் ஜாய்ஸ் பென்னரின் கிளினிக்கில், பத்தொன்பது வருஷமாக முன்மேஜையில் உட்கார்ந்திருப்பவள் அவள். வயதானவர்களுக்கான அரசுக் காப்பீட்டுக்காரர்கள், மெடிகேர்காரர்கள்தான், எழுதியிருந்தார்கள். 'இந்த வருஷம் கீழே விழுந்தீர்களா' என்று போன வருஷம் நோயாளிகளிடம் கேட்டதற்குப் பதிவு இல்லையாம். டாக்டரின் தர மதிப்பெண் குறைவாம். அதனால் அடுத்த வருஷம் டாக்டருக்குத் தரும் கட்டணத்தில் வெட்டு.

பதிவு விடுபட்ட நோயாளிகளின் பட்டியலைத் திரையில் திறந்தாள். முதல் பெயரே ஆர்வில் ஷ்ராக்.

ஆர்வில் விழுந்தது டாக்டருக்குத் தெரியாதா? சமையலறைக் கம்பளம் தடுக்கி விழுந்தார் என்று கேள்விப்பட்டதும், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு அவர் வீட்டுக்கே போனவர். குளியலறையில் கைப்பிடி மாட்டிக் கொடுத்து, கம்பளத்தைச் சுருட்டிக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். விட்டுவிட்டு வந்தால் மறுநாளே மனுஷன் மறுபடி விரித்துவிடுவார். அது இன்னும் ட்வைலாவின் நாற்காலிக்குப் பின்னால்தான் சாய்ந்து நிற்கிறது. 'கேட்டாயிற்று' என்று திரையில் இருக்கும் கட்டத்தைத் தட்டத்தான் டாக்டர் மறந்துபோனார். இனி பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு இல்லை, தரத்துக்குத்தான் காசு என்று வாஷிங்டனில் சீர்திருத்தம் செய்தார்கள். நல்ல தரம். வீட்டுக்கே போய்ப் பார்க்காமல் கட்டத்தைத் தட்டுகிறவனுக்குப் பரிசு, இவருக்கு அபராதம்.

டாக்டர் ஒரு தாளோடு உள்ளிருந்து வந்தார். 'ஜனவரி முதல் இங்கே மெடிகேர் ஏற்கப்படாது' என்று அதில் எழுதியிருந்தது.

"கதவுல ஒட்டிடு, ட்வைலா."

"நம்மகிட்ட வர்றவங்கள்ல பாதிக்கு மேல மெடிகேர்லதான் இருக்காங்க, டாக்டர். அடுத்த டாக்டர் அறுபது மைல்ல இருக்காரு. யார் கூட்டிட்டுப் போவா?"

"நர்ஸ் வேலைய விட்டுப் போயாச்சு. நீயும் நானும்தான் மிச்சம். இந்தக் கட்டத்தையெல்லாம் தட்டிட்டு உக்கார யாரு இருக்கா? வேற என்ன பண்ணச் சொல்ற?"

கோபத்தில் ட்வைலா டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். எழுத்து வெளியே தெரிய, கண்ணாடிக் கதவில் ஒட்டி முடித்தபோது வாசலில் ஆர்வில் நின்றுகொண்டிருந்தார். படித்துவிட்டாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"திருடிட்டுப் போனதக் கேக்க வந்திருக்கேன்" என்றார் டாக்டரிடம்.

"தரமாட்டேன். மறுபடி விழுவீங்க."

"தரையில போடல, தாயே. செவுத்துல மாட்டப் போறேன், ஆணிகூட அடிச்சாச்சு. என் வீட்டுக்காரி எல்சி அவ கையால பின்னினது. அவளும் போயிட்டா, வீடு வெறிச்சுன்னு இருக்கு."

ட்வைலா விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். குரல் அவளுக்கே கடுப்பாகக் கேட்டது.

"ஆர்வில், போன வருஷம் கீழ விழுந்தீங்களா?"

"என்னடி கேள்வி இது? நெத்தியில ஐஸ் வெச்சதே நீதானே."

"விழுந்தீங்களா, இல்லையா?"

"விழுந்தேன்."

தட்டினாள். கட்டத்தில் பச்சை விழுந்தது. போன வருஷப் பதிவுக்கான கெடு முடிந்து மாதக்கணக்காகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும்.

ஆர்வில் கதவுப் பக்கம் தலையசைத்தார். "அந்தக் காகிதம் எனக்குமா?"

டாக்டர் கம்பளத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "வாங்க, வண்டி வரைக்கும் கொண்டுவந்து தர்றேன்."

இருவரும் வெளியே போனார்கள். ட்வைலா மேஜையை விட்டு எழவில்லை. கண்ணாடியில் அந்தத் தாளின் வெள்ளை முதுகு. அதற்குக் கீழே, கம்பளத்தின் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்தபடி, கிழவரின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு டாக்டர் போய்க்கொண்டிருந்தார்.