துருவின் இரண்டாவது கத்தி

டமாரென்று தகரக் கதவு சுவரில் மோதிய வேகத்தில், ஸ்டாண்டில் மாட்டியிருந்த கேமராவே ஒரு ஆட்டம் ஆடிவிட்டது. பின்னால் நின்றிருந்தவள் அதை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். ஷெட் வாசலில் அவளுடைய தம்பி. தலைமுடியில் இரும்புத் தூசு, சட்டையில் எண்ணெய்க் கறை, நெஞ்சோடு அணைத்தபடி ஒரு அட்டைப் பெட்டி. ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"வாங்க துரு சார்!" மேஜைக்குப் பின்னாலிருந்து பெரிய கும்பிடாகப் போட்டார் அவள் கணவர். "இன்னைக்குக் கதவைத்தான் டெஸ்ட் பண்றோமா? கத்தின்னு சொன்னாங்களே!"

தம்பி சிரித்தான். அவர் என்ன சொன்னாலும் முதலில் சிரித்துவிடுவது அவனுடைய பழக்கம்.

அவள் கணவரை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். காட்டுக்கும் மலைக்கும் போகிறவர்கள் வாங்கும் கத்தி, கோடரி, கூடாரம் எதுவானாலும் இந்த ஷெட்டுக்கு வரும். மாஸ்டர் பெட்டியைப் பிரிப்பார், வெட்டுவார், உடைப்பார், கிழி கிழியென்று கிழிப்பார். அவள் படம் பிடிப்பாள். லட்சக்கணக்கான பேர் பார்ப்பார்கள். ஒரே டேக், வெட்டு ஒட்டு கிடையாது என்பதுதான் அவருடைய பெருமை. கேமரா ஓட ஆரம்பித்துவிட்டால் தும்மல் வந்தாலும் அதுவும் படத்தில் இருக்கும். அதனால்தான் ஜனங்கள் நம்பினார்கள். நம்பிக்கைக்காகப் பார்த்தவர்களைவிட வசவைக் கேட்கப் பார்த்தவர்கள் அதிகம் என்பது வேறு விஷயம்.

தம்பி செய்த முதல் கத்தியும் இதே மேஜைக்கு வந்ததுதான். மாஸ்டர் அதை ஈரத்துணியில் சுற்றி ராத்திரி முழுக்க வைத்தார். காலையில் கேமரா ஓட ஆரம்பித்தபின் பிரித்துக் காட்டி, "இது கத்தி இல்லீங்க. துருவுக்குப் பிடி போட்டு அனுப்பியிருக்காரு என் மச்சினரு" என்றார். அன்றைக்கு ஒட்டிய பெயர். தம்பியின் மகளைப் பள்ளிக்கூடத்தில் 'துரு பொண்ணு' என்று கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தபோது மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பார்சல்ல அனுப்புடான்னா நேர்ல வந்து நிக்கறே?"

"மனசு வரல மாமா. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதோட, கடைக்காரரு இன்னைக்கு வீடியோவுக்குத்தான் காத்திட்டிருக்காரு."

கடைக்காரர் என்றால் சாதாரண கடைக்காரர் இல்லை. மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் பெரிய நிறுவனத்தில் கொள்முதல் பார்ப்பவர். கத்தியைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், "மாஸ்டர் வாயால ஒரு நல்ல வார்த்தை வரட்டும், எல்லாக் கிளையிலயும் வைக்கறேன்" என்று சொல்லிவிட்டார். வார்த்தை வராவிட்டால் தம்பி பட்டறையை மூட வேண்டியதுதான். உலையைப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கரிடம் தூக்கிப் போட்டுவிட்டு, முன்பு வேலையை விட்டு வந்த, லாரிகளுக்கு வில் பட்டை செய்யும் ஆலைக்கே திரும்பிப் போக வேண்டும். அக்காவிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தான்.

"நான் இங்கேயே நின்னு பாக்கட்டுமா மாமா?"

"தாராளமா. மூச்சு மட்டும் விட்டுடாதே. உன் மூச்சு பட்டா என் சாமானெல்லாம் துருப் பிடிச்சிடும்."

அவன் கதவோரம் ஒதுங்கினான். அவள் கேமராவை ஓடவிட்டாள்.

"வணக்கம் மக்களே! இன்னைக்கு நம்ம மேஜைக்கு வந்திருக்கறது மடக்காத கத்தி, காட்டு வேலைக்கு. செஞ்சவரு யாரு? நம்ம துருவேதான்! அடங்கவே மாட்டாரு போல." மாஸ்டர் அட்டைப் பெட்டியைப் பிரித்தார். "பெட்டி நல்லா இருக்கு. இதோட நிறுத்தியிருக்கலாம்."

கறுப்பு பிளாஸ்டிக் உறை. கவிழ்த்துப் பிடித்து உலுக்கினார், கத்தி விழவில்லை. கட்டை விரலால் தள்ளினார். 'டிக்' என்ற சின்னச் சத்தத்தோடு வெளியே வந்தது. அலகு ஒரு சாண்கூட இல்லை. மினுமினுப்பு இல்லாத சாம்பல் நிறம். இரும்பு ஒரே துண்டாகப் பிடியின் அடிவரை ஓடியது. அதன் இரண்டு பக்கமும் வைத்திருந்த மரம் நடுவில் லேசாகப் பருத்து, உள்ளங்கை எங்கே குழிகிறதோ அங்கே போய் உட்கார்ந்தது.

"பிடி..." என்று ஆரம்பித்த மாஸ்டர் நிறுத்தினார். ஒற்றை விரலில் கத்தியைக் கிடத்தினார். ஆடாமல் நின்றது. "பிடி பரவால்ல."

கேமராவுக்குப் பின்னால் அவள் திரையை உற்றுப் பார்த்தாள். இத்தனை வருஷமாக இந்தச் சின்னத் திரைக்குள் கணவனைப் பார்த்துப் பழகியவள். பிடிக்காத கத்தியென்றால் மாஸ்டருக்கு வாய் ஓயாது. பிடித்துவிட்டால் பேச்சு குறையும். வலது கட்டை விரல் தானாகக் கத்தியின் முதுகைத் தடவ ஆரம்பித்துவிடும், தூங்குகிற பூனையைத் தடவுவதுபோல. அது அவருக்கே தெரியாது. இப்போது அந்த விரல் தடவிக்கொண்டிருந்தது.

காகிதத்தை ஒரு கையில் தொங்கவிட்டு வெட்டினார். சத்தமே இல்லை, பாதிக் காகிதம் கீழே போனது. முரட்டுக் கயிற்றை அறுத்தார், அறுத்துக்கொண்டே இருந்தார். மறுபடி காகிதம். மறுபடியும் சத்தமில்லை. முன்கையில் வைத்து இழுத்தார், முடி வழித்துக்கொண்டு வந்தது. குச்சியைச் சீவினார், சுருள் சுருளாகப் பூ மாதிரி நின்றது. நல்ல விறகுக் கட்டையின் தலையில் கத்தியை வைத்து, முதுகில் சம்மட்டிக் கட்டையால் ஓங்கிப் போட்டார். விறகு இரண்டாகப் பிளந்து விழுந்தது. அலகில் ஒரு கீறல் இல்லை.

மாஸ்டர் நெடுநேரமாக ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

கதவோரம் தம்பி இரண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்றான். அவன் கண் அக்காவின் கண்ணைத் தேடியது. ஜெயிச்சிட்டேடா என்று அவள் புருவத்தாலேயே சொன்னாள். மாஸ்டர் தலையை நிமிர்த்தியபோது அந்தப் புருவத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னும் ஒரே ஒரு கட்டை" என்றார் கேமராவைப் பார்த்து. சிரிப்பு முகத்துக்குத் திரும்பி வந்திருந்தது. "ஏம்மா, அந்த வலது பக்கத்துல இருந்து ஒண்ணு எடுத்துக் குடு."

இடது பக்கம் இருந்தது படத்துக்கான விறகு. வலது பக்கம் இருந்தது பழைய ஜன்னல் சட்டங்களை அறுத்துப் போட்ட குவியல், வெந்நீர் அடுப்பில் எரிக்க. போன வாரம் அதை அறுத்தவள் அவள்தான். உள்ளே புதைந்திருந்த ஆணியில் பட்டு ரம்பத்தின் பல் உடைந்து, அதற்காக மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அவள்தான். அது ஆணி மரம் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

அவள் நகரவில்லை.

"என்னம்மா? மக்களே, எங்க கேமராமேன் தூங்கிட்டாங்க. தம்பி கத்தி அவ்ளோ போர் அடிக்குது!"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. 'அதில் ஆணி இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது அப்படியே படத்தில் பதியும். மாஸ்டரின் பெருமையும் அத்தோடு சரி. அப்புறம் ஷெட் கதவு மூடும். மூடின கதவுக்குள்ளே அவர் கையை ஓங்க மாட்டார், பேசுவார். பல நாள் பேசுவார். ஒரு தடவை வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் அவள் யாரோ போல ஒதுங்கி நின்றாள் என்று சொல்லிச் சொல்லியே அவளைச் சாப்பிடவிடாமல் செய்தவர்.

அவள் குனிந்தாள். கைக்குக் கிடைத்த சட்டத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கேமராவுக்குள் அவள் கை மட்டும் ஒரு நொடி வந்து போனது.

மாஸ்டர் ஓங்கி அடித்தார். 'ணங்' என்றது. மரம் அப்படிச் சத்தம் போடாது. கத்தி பாதியில் சிக்கியது. உருவித் திருப்பிக் காட்டினார். கூர் ஓரத்தில், எலி கடித்ததுபோல் ஒரு சின்ன வாய்.

"அடடா! பால் பல்லு போல இருக்கு மக்களே, இப்பவே விழுந்திருச்சு. மொதக் கத்தி துரு, ரெண்டாவது பொக்கை. மூணாவது கத்திக்கு நேரா ஆஸ்பத்திரியிலயே படம் எடுத்துக்கலாம். வணக்கம்!"

அவள் கேமராவை அணைத்தாள். மாஸ்டர் கத்தி சிக்கிய சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் எரிந்துகொண்டிருந்த வெந்நீர் அடுப்பில் செருகிவிட்டு வந்தார்.

தம்பி கத்தியைக் கையில் எடுத்து, உடைந்த இடத்தை நகத்தால் வருடினான். "எப்படி மாமா? பதம் கூடிப்போச்சா? எண்ணெய்ல முக்கறப்போ சூடு அதிகமாயிடுச்சோ..." யாரிடம் கேட்கிறோம் என்றே தெரியாமல் கேட்டான். பிறகு மெதுவாக, "அந்த மரத்தைக் கொஞ்சம் பாக்கட்டுமா?"

"எரிஞ்சிட்டிருக்கு மாப்ள. கையை விட்டுப் பாரு, உன் கைக்கும் பதம் ஏறட்டும்."

தம்பி அதற்கும் சிரித்தான். கத்தியை உறையில் போட்டான். 'டிக்' என்றது. கதவை இந்தத் தடவை சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?" என்றாள் அவள். "உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு. நான் பாத்தேன்."

"பிடிச்சிருந்துச்சுதான்." மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "இந்த மேஜைக்கு வந்ததுலயே நல்ல கத்தி. அதுக்காக? நாளைக்கு நாலு பேரு துருவோட மாமான்னு என்னைக் கூப்பிடணுமா?"

"அவனைக் கூப்பிட்டு ஆணி இருந்துச்சுன்னு சொல்லிடுவேன்."

"சொல்லேன். யாரு தடுத்தா?" அவர் குரல் குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல் இதமாக இருந்தது. "படத்துல கட்டையை எடுத்துக் குடுக்கறது என் கை இல்லம்மா. வளையல் போட்ட கை. அவனே கதவுகிட்ட நின்னு பாத்தான். ஆணி மரம்னு தெரிஞ்சே குடுத்தேன்டான்னு சொல்லு. அக்கா அக்கான்னு உருகறானே, எப்படி உருகறான்னு நானும் பாக்கறேன்."

அவர் படத்தை அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டார். சாயங்காலம்தான் குளிக்கப் போனார். அதற்குள் அடுப்பு தணிந்திருந்தது. அவள் இடுக்கியால் சாம்பலைக் கிளறினாள். ஆணி கிடைத்தது, பென்சில் கனம். அதன் நடுவில் முக்கால்வாசி ஆழத்துக்கு ஒரு வெட்டு, வெள்ளரிக்காயை நறுக்கினதுபோல் நேராக. இத்தனை கனத்த ஆணியில் இவ்வளவு தூரம் இறங்கிவிட்டுத்தான் தம்பியின் கத்தி அத்துனூண்டு வாயோடு தப்பித்திருக்கிறது. வேறு எந்தக் கத்தியாக இருந்தாலும் இரண்டாகப் போயிருக்கும்.

அவள் உடனே போனை எடுத்தாள். எண்ணைத் தொடுவதற்குள் அதுவே அடித்தது. தம்பி.

"அக்கா, வீடியோ வந்திடுச்சு. கடைக்காரரு வேண்டாம்னுட்டாரு. அது போகட்டும்." பின்னால் இரும்பை இழுக்கிற சத்தம் கேட்டது. "ஆக்கர்காரன் உலையைத் தூக்க வந்து நிக்கறான். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். மாமாகிட்ட கேட்டா கிண்டல் பண்ணுவாரு. நீ எங்கிட்ட பொய் சொன்னதே இல்ல."

"கேளுடா."

"சத்தம் ஒரு மாதிரி கேட்டுச்சுக்கா. அந்தக் கட்டைக்குள்ள ஆணி கீணி ஏதாவது இருந்துச்சா? இருந்துச்சுன்னு சொல்லு, இவனைத் திருப்பி அனுப்பிட்டு நாளைக்கே அடுத்த கத்தி அடிக்கறேன், எவன் சிரிச்சாலும் பரவால்ல. வெறும் மரத்துலயே பல்லு போச்சுன்னா என் பதமே தப்பு. எனக்கு இந்த வேலை வரலன்னு அர்த்தம். விட்டுடறேன். நீதானே எடுத்துக் குடுத்தே... சொல்லுக்கா."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நல்ல மரம்தான்டா தம்பி. நான் பாத்துப் பாத்துத்தானே எடுத்துக் குடுத்தேன்."