ஐம்பதாம் கிழமை வட்டி

"ஒன்பது முட்டை. ஒண்டு நாப்பத்தைஞ்சு. எவ்வளவக்கா?"

"நானூற்றைஞ்சு."

வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் நிமிராமலே சொன்னேன். விசுவமடுவில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறவள் நான். "இண்டைக்கும் தவணைக்குக் காணாது," என்ற தங்கை சிவதர்சினி எனக்குத் தேத்தண்ணி தந்தாள். சீனி போட மறந்திருந்தாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு மீனம்மாவின் முற்றத்தில் வாரத் தவணை கட்டும் கடன் கூட்டம். ஐந்து பெண்கள், ஆளுக்கு அறுபதாயிரம் கடன், ஒருவருக்கொருவர் பிணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் எழும்ப முடியாது.

கோழி வளர்க்க அறுபதாயிரம் எடுத்தபோது தங்கை கேட்டாள், "ஏன் தம்பி, என்ர மனுசன்ர பேரில தரமாட்டியளோ?"

கடன் கொம்பனிக்காரன் சிரித்தான். "ஆம்பிளையளை நம்பேலாதக்கா. பொம்பிளையள் வெட்கத்துக்கெண்டாலும் கட்டுவினம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வீட்டில் தவணைகள் எழுதிய கடன் அட்டையை என்னிடம் நீட்டினாள். "நூற்றுக்கு இருபத்துநாலு வட்டியாம். வடிவாப் பாரக்கா."

வகுப்பில் செய்வதுபோலவே பெருக்கினேன். வட்டி 14,400. மொத்தம் 74,400. ஐம்பது கிழமை, கிழமைக்கு 1,488.

"கணக்குச் சரியடி. கையெழுத்து வை."

நோய் வந்து நாற்பது கோழியில் பதினொன்று மிஞ்சியது. பிறகு தோடு போனது, சைக்கிள் போனது, என் சம்பளமும் போனது. அப்படியும் முப்பது கிழமை கட்டிவிட்டாள்.

அந்தச் செவ்வாய், நான் வகுப்பு முடிந்து போனபோது மூன்று மணி. பெண்கள் இன்னும் முற்றத்திலேயே இருந்தார்கள். கொம்பனிக்காரன் கதிரையில் சாய்ந்திருந்தான். "எனக்கு அவசரமில்லை. காசு வந்தால் போறன்."

யுத்தம் முடிந்து இருந்த முகாமில் எங்களோடு ஒரே அடுப்பில் சமைத்தவள் மீனம்மா. "உன்ர கோழி செத்ததுக்கு நாங்களோடி தண்டம்? என்ர பிள்ளையள் பசியோட நிக்குதுகள். ரோசமிருந்தால் இப்பிடி நிப்பியோ?"

தங்கை ஒன்பது முட்டையையும் அவன் முன் வைத்தாள்.

"முட்டைக்குப் பற்றுச்சீட்டு எழுதேலாதக்கா."

யாரோ சிரித்தார்கள். கடைசியில் நால்வரும் ஆளுக்கு முந்நூற்று எழுபத்திரண்டு போட்டார்கள். மீனம்மா தன் பங்கை நிலத்தில் எறிந்தாள். தங்கை குனிந்து பொறுக்கி, மண் தட்டி, அவனிடம் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்தபோது சிவதர்சினி உயிரோடு இல்லை.

எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்தபின் அவளது அட்டையை எடுத்துக் கிழமை கிழமையாகக் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு வரியிலும் கடனுக்கு 1,200, வட்டிக்கு 288. கட்டக் கட்டக் கடன் குறைந்தது. வட்டி குறையவேயில்லை. முதல் நாளே நான் பார்த்திருக்க வேண்டியது அது.

அடுத்த கூட்டத்துக்குப் போனேன்.

"தம்பி, ஐம்பதாம் கிழமை எவ்வளவு கடன் மிச்சம்?"

"ஆயிரத்து இருநூறு."

"அந்த ஆயிரத்து இருநூறுக்கு ஒரு கிழமை வட்டி எவ்வளவு?"

"அது கொம்பனியின்ர முறையக்கா."

"எவ்வளவு?"

அவன் போனைப் பார்த்தான். மீனம்மா தன் அட்டையை விரித்து, கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இருநூற்று எண்பத்தெட்டு," என்றாள்.

என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அட்டையை மூடினாள். காசு முடிச்சை அவிழ்க்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு இருந்தாள். மற்ற மூவரும் அவளைப் பார்த்தார்கள். அவர்களும் அவிழ்க்கவில்லை.

என் கையில் தங்கையின் அட்டை இருந்தது. அறுபதாயிரமும் முழுதாக இருந்த முதலாம் கிழமைக்கும் அதில் அதே இருநூற்று எண்பத்தெட்டுத்தான்.