வேறு கடைக்குப் போகவேண்டிய பேனர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே என் ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் ஆள் நிற்பதில்லை. ஒருத்தன் எந்நேரமும் போனில் கிடந்தான், திட்டினேன், போய்விட்டான். அடுத்து வந்தவள் திட்டுவதற்கு முன்பே அழுதாள். போதும் சாமி என்று தருமபுரியில் இருக்கும் டிசைனர் வீரமணியிடம் புலம்பினேன். அவன்தான் என் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமைப் போட்டுக் கொடுத்தான்.

சங்கதி இவ்வளவுதான். ‘பிரிண்ட்’ என்று ஒரு ஃபோல்டர். வீரமணி அவனுடைய கம்ப்யூட்டரில் அதற்குள் ஒரு டிசைனைப் போட்டால், இன்டர்நெட் வழியாக அதியமான்கோட்டையில் இருக்கும் என் கம்ப்யூட்டருக்கும் வந்துவிடும். அந்த ஃபோல்டரையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிற புரோகிராம், புதிதாக ஒன்று வந்த உடனே அதை ஃப்ளெக்ஸ் மெஷினுக்கு அனுப்பிவிடும். நான் எதையும் தொட வேண்டாம்.

ஆரம்பத்தில் அதற்கு அவசரம் அதிகம். ஃபைல் முழுக்க வந்து சேருவதற்குள் அச்சடிக்கத் தொடங்கிவிடும். ஒரு கல்யாண பேனரில் மாப்பிள்ளை மூக்கோடு நின்றுபோனார். அவருடைய மாமன் கடைக்கே வந்து சத்தம் போட்டார். பிறகு வீரமணி, ஃபைல் வளருவது நின்ற பின்னால்தான் அனுப்ப வேண்டும் என்று அதற்குப் புத்தி சொல்லிக் கொடுத்தான். அன்றிலிருந்து ஒரு தப்பும் இல்லை. ஆளைவிட இது மேல் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

அன்று காலை என் அண்ணன் அமல்தாஸ் போன் செய்தான். அப்பாவும் அம்மாவும் கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் அவனோடுதான் இருக்கிறார்கள்.

“ராணி, அப்பாவுக்கு லேசா மயக்கம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்திருக்கோம். ஒண்ணும் பயப்படாத. கடையச் சாத்திட்டுக் கெளம்பி வா.”

“மறுபடியும் பிரஷர் மாத்திரையப் போடாம வுட்டுட்டாரா?”

“ஆமா... அதான் போல.”

“போனை அவருகிட்ட குடு. நாலு வார்த்தை கேக்கறேன்.”

“டாக்டர் பாத்துக்கிட்டிருக்காரு. நீ வா. மெஷினெல்லாம் ஆஃப் பண்ணிட்டு வா, என்ன?”

எங்கள் பக்கத்தில் சாவைப் போனில் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் உடம்பு சரியில்லை, கிளம்பி வா என்பார்கள். வழியில் பதறி எங்காவது விழுந்துவிடக் கூடாது என்று அப்படி. ஊர் எல்லையில் பறைச் சத்தம் கேட்டுத்தான் பாதிப் பேருக்கு விஷயமே தெரியும். எனக்கும் அது தெரியும். ஆனால் அப்பா போன வாரம்தான் தீர்த்தமலை வரைக்கும் தனியாகப் பஸ்ஸில் போய் வந்தவர். அண்ணன் குரல் கட்டியிருந்ததற்குப் பனிதான் காரணம் என்று நானே சொல்லிக்கொண்டேன். அப்பா மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது. கோபப்பட்டேன்.

என் வீட்டுக்காரர் பைக்கில் வந்து கூட்டிப் போவதாகச் சொன்னார். அவர் வருகிற வரைக்கும் மெஷினில் ஓடுகிற காதுகுத்து பேனர் முடியட்டும் என்று விட்டுவிட்டேன். அதை முடித்து, வெட்டி, சுருட்டி வைத்தேன். கைப்பையை எடுத்துக்கொண்டு ஸ்விட்சை அணைக்கப் போனபோது மெஷின் தானாக மறுபடி ஓடத் தொடங்கியது.

ஃப்ளெக்ஸ் மெஷின் ஒரே மூச்சில் படத்தைக் காட்டிவிடாது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ப் போய் விரல் அகலம் விரல் அகலமாகத்தான் வரும். முதலில் கறுப்பு. அப்புறம் நடுவில் ஒரு சிலுவை. அப்புறம் ‘கண்ணீர் அஞ்சலி’.

நம்ம ஆளுங்களில் யாரோ போய்விட்டார்கள் என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். யாராக இருக்கும் என்று மனசுக்குள் நாலைந்து கிழவர்களை ஓட்டிப் பார்த்தேன். அதில் எங்கள் அப்பா இல்லை. சத்தியமாக இல்லை.

வெள்ளை முடி வந்தது. படிய வாரிய முடி. நெற்றி வந்தது. நெற்றியின் வலது பக்கம் மாடு முட்டிய தழும்பு வந்தது.

மெஷினைப் பிடித்துக்கொண்டேன். கண் வந்தது, மூக்கு வந்தது, மீசை வந்தது. மீசைக்குக் கீழே எங்கள் அப்பாவின் சிரிப்பு வந்தது.

தப்பு நடந்திருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. என் மகள் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவின் பேனரை வீரமணிதான் செய்தான். அப்பாவின் போட்டோ அவனிடம் இருக்கிறது. வேறு யாருக்கோ செய்யும்போது போட்டோவை மாற்றிப் போட்டுவிட்டான், தடிமாடு. அவனைக் கூப்பிட்டேன்.

“ஏன்டா, அறிவிருக்கா ஒனக்கு? எங்கப்பா போட்டோவைப் போயி எதுல போட்டு வெச்சிருக்க?”

“அக்கா...” என்று இழுத்தான்.

“வாயில என்ன வெச்சிருக்க? சொல்லுடா!”

“அக்கா... மெஷினை நிறுத்துங்கக்கா.”

“தப்புன்னு சொல்லு, நிறுத்தறேன்.”

“அது உங்களுக்கு வரக் கூடாதுங்கக்கா. அண்ணன் காலையிலயே சொல்லிட்டாரு. அக்காவுக்கு இன்னும் தெரியாது, வேற கடையில அடிச்சுக்கன்னாரு. நானும் வேற கடைக்குத்தாங்க குடுக்கறதா இருந்தேன். தெனமும் உங்க ஃபோல்டர்லயே சேவ் பண்ணிப் பண்ணி... கை பழக்கத்துல அங்கயே போயிடுச்சுங்கக்கா.”

அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. காதுக்குள் கொய்ங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காலையிலேயே என்றான். நான் டீ குடித்தபோது, காதுகுத்து பேனருக்காக ஒருத்தரோடு மல்லுக்கட்டியபோது, மாத்திரை போடாத மனுஷனைக் கரித்துக்கொட்டியபோது, அப்பா இல்லை. ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. டிசைனருக்குத் தெரிந்திருக்கிறது. பெற்ற மகளுக்குத் தெரியவில்லை.

சிவப்புப் பொத்தான் மேல் கை வைத்தேன். அழுத்த முடியவில்லை. அழுத்தினால் அப்பா கழுத்தோடு நின்றுவிடுவார்.

தோள் வந்தது. தோளின் மேல் நாலு விரல்கள் வந்தன. புதுநன்மை அன்று அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நான் எடுத்துக்கொண்ட போட்டோ அது. வீரமணி என்னை வெட்டி எடுத்துவிட்டு விரலை விட்டுவிட்டிருக்கிறான். என் மோதிரம் தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே வியாகுலம் என்று அப்பாவின் பெயரும், மறைவு என்று இன்றைய தேதியும் வந்தன. மெஷின் நின்றது.

அப்போதுதான் அலறினேன் என்று பக்கத்து பஞ்சர் கடைக்காரர் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தேன், அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தார், கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன்.

“ராணி, கெளம்பிட்டியாம்மா?”

“இதோ கெளம்பறேன்.”

“பதறாம வா. அப்பா கண்ணு முழிச்சிட்டாரு. நல்லாத்தான் இருக்காரு. உன்னயத்தான் கேட்டுக்கிட்டிருக்காரு.”

அவனுக்குப் பின்னால் பெண்கள் கூட்டமாக அழும் சத்தம் கேட்டது. அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. அவன் போனைக் கையால் மூடிமூடிப் பேசினான். பாவி, எவ்வளவு பாடுபடுகிறான் என்று எனக்கு நெஞ்சு வெடித்தது. ‘எனக்குத் தெரியும்ணா’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினேன்.

“ராணி? கேக்குதா?”

“கேக்குதுண்ணா. நான் வந்துக்கிட்டே இருக்கேன்னு அப்பாகிட்ட சொல்லு.”

இந்தத் தடவை அவன் போனைக் கையால் மூடவில்லை.

“சொல்றேம்மா” என்றான்.